ஒரு பன்றித்தொடையும் பதினான்கு கத்திகளும்

அல்பசேத்தே,
நவம்பர் 6

மதிப்பும் அன்பும், அவற்றைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் குற்ற உணர்வும் கொண்ட வணக்கத்துடன் சம்பந்தி எலாதியோ அவர்களுக்கு, இலாரியோ எழுதிக்கொள்வது.

இங்கு நானும் மிலாக்ரோஸும் நலம். என் இடது கட்டைவிரல் மட்டும் இன்னும் நலமில்லை. மற்ற ஒன்பதும் நலம். அங்கு நீங்களும், சம்பந்தியம்மா விசித்தாவும், உங்கள் பன்றிகளும், அவை மேயும் ஓக் மரங்களும் நலமாக இருக்க மாதாவை வேண்டுகிறேன். உங்கள் வலது தோள் எப்படி இருக்கிறது என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. பேத்தி ஹிமேனாவின் ஞானஸ்நானம் முடிந்து மூன்று வாரம் ஆகிறது. ஞாயிறுதோறும் பதினொரு மணிக்கு வரும் உங்கள் தொலைபேசி அழைப்பு மூன்று ஞாயிறாக வரவில்லை. நான் அந்த நேரத்துக்கு நாற்காலியைத் தொலைபேசி பக்கத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். போன ஞாயிறு மணி அடித்தது. காப்பீடு விற்கும் பெண். வேறு யாரும் பேசாததால் அவளிடமே இருபது நிமிடம் பேசினேன்.

நேற்று நம் நோயேலியா கேட்டாள்: "அப்பா, மாமா உங்க மேல கோவமா இருக்காரான்னு எஃப்ரேன் தன் அப்பாகிட்ட கேட்டா, அவர் பேச்சை மாத்திடுறாராம். கிறிஸ்துமஸுக்கு நாங்க எந்த வீட்டுக்கு வர்றது? கைக்குழந்தைய வெச்சுக்கிட்டு ரெண்டு வீட்டுக்கும் நடுவுல நான் நிக்கணுமா?" பெற்ற பெண் அப்படிக் கேட்டபிறகு கௌரவம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியவில்லை. அதனால் பேனாவை எடுத்துவிட்டேன்.

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் கத்தி ஊரில் பிறந்தவன், கத்தி தெரிந்தவன் அல்ல. எங்கள் ஊரில் பாதிப் பேர் கத்தி செய்தோ விற்றோ பிழைக்கிறார்கள். நான் மற்றப் பாதி. முப்பத்து நான்கு வருடம் ஓட்டுநர் உரிமத் தேர்வாளராக இருந்தேன். கண்ணாடியைப் பார்க்காமல் வண்டியைத் திருப்பியவர்களை, அழுதாலும் விடாமல், தோற்கடித்து அனுப்பியவன். என் வீட்டில் சமையலறைக் கத்தி என்றால் ஒன்றே ஒன்றுதான் உண்டு. மிலாக்ரோஸ் எங்கள் கல்யாணத்துக்கு முன்பே வாங்கியது, விரல் நீளம், தேய்ந்து தேய்ந்து இப்போது வெங்காயத் தாள் அகலம். அவள் அதை வைத்துத்தான் பூண்டு முதல் முயல் வரை எல்லாம் முடிக்கிறாள். ஆனால் பிள்ளைகளின் கல்யாண விருந்தில் நீங்கள் என் தோளில் தட்டி, "அல்பசேத்தேக்காரர்னா கத்தியோடதான் பொறந்திருப்பீங்க!" என்றபோது, மூன்றாவது கோப்பை ஒயினில் இருந்த நான், "ஆமா, என் தொப்புள்கொடிய நானே அறுத்தேன்" என்று சொல்லித் தொலைத்தேன். நீங்கள் சிரித்தீர்கள், மேசையே சிரித்தது, எனக்கும் பெருமையாக இருந்தது. வினை அங்கேதான் ஆரம்பித்தது.

செப்டம்பர் முதல் வாரம் நீங்கள் கூப்பிட்டீர்கள். "சம்பந்தி, தோள்பட்டை போயிடுச்சு. மூணு மாசம் கைய ஆட்டக் கூடாதுன்னு டாக்டர் கழுத்துலேர்ந்து கைக்குத் தூளி கட்டி விட்டுட்டார். ஞானஸ்நான விருந்துல பன்றித்தொடைய நீங்கதான் வெட்டணும். வெளியாள் கைல குடுக்க எனக்கு மனசு வரல." எந்தத் தொடை என்று நான் கேட்கவே வேண்டாம். பிள்ளைகள் கல்யாணம் முடிந்த அந்தக் குளிர்காலத்தில் நீங்கள் உப்பில் போட்டு, நிலவறையில் தொங்கவிட்டு, "முதல் பேரக்குழந்தைக்கு" என்று உங்கள் கையெழுத்தில் சீட்டு எழுதிக் கட்டியது. நான்கு குளிர்காலம் அதற்குக் காவல் இருந்தீர்கள். அப்போதாவது "எனக்குத் தெரியாதுங்க" என்று இரண்டு சொல் சொல்லியிருக்கலாம். "கவலைய விடுங்க சம்பந்தி" என்றுதான் வாயில் வந்தது.

சரி, கத்தி வாங்கவேண்டும் என்று, சந்தைக்குப் பின்னால் இருக்கும் ஃபெலிசாவின் கடைக்குப் போனேன். அறுபது வயது, குட்டையான பெண்மணி. மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஐயா வீட்டுல என்ன சமைப்பீங்க?" என்றாள். நான் சமைப்பது அவித்த முட்டை. அதைச் சொல்ல வெட்கப்பட்டு, "எல்லாம்" என்றேன். "எல்லாத்துக்கும் மூணு போதும். பெருசு ஒண்ணு, சின்னது ஒண்ணு, ரொட்டிக்குப் பல்லு வெச்சது ஒண்ணு. உப்புல போட்ட தொடைய இதழ் இதழா சீவணும்னா நீளமா, ஒல்லியா, வளையுற மாதிரி இன்னொண்ணு. இரும்பு கைப்பிடிக்குள்ள கடைசி வரைக்கும் ஓடியிருக்கான்னு பாருங்க. கைல பிடிச்சா முன்னாடியும் சாயக் கூடாது, பின்னாடியும் சாயக் கூடாது. அதுக்கு மேல ஒரு விஷயம், கத்திய எடுத்துப் பிடிச்சுப் பார்க்காம நான் விக்கிறதில்ல. வீட்டுல யார் கை அதிகமா பிடிக்குதோ அந்தக் கையக் கூட்டிட்டு வாங்க" என்றாள். அந்தக் கை மிலாக்ரோஸின் கை. அவளைக் கூட்டிப்போய் நிறுத்தினால் என் வண்டவாளம் கடையிலேயே தண்டவாளம் ஏறிவிடும் என்று, "பிறகு வர்றேன்" என்று நழுவிவிட்டேன்.

அந்த வாரமே எங்கள் ஊர்த் திருவிழா தொடங்கியது. அங்கே ஒருவன் காதில் ஒலிவாங்கி மாட்டிக்கொண்டு கத்தி விற்றான். காலணியின் அடியை வெட்டினான், கயிற்றை வெட்டினான், உடனே அதே கத்தியால் தக்காளியைக் கண்ணாடி போலச் சீவி எங்கள் பக்கம் தூக்கிக் காட்டினான். சம்பந்தி, நான் அறுபத்தெட்டு வருடத்தில் ஒருநாளும் காலணியை வெட்டி அதே கத்தியால் தக்காளியும் வெட்டவேண்டிய அவசியத்தில் இருந்ததில்லை. இருந்தும் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். பதினான்கு கத்தி, செருகி வைக்க ஒரு மரக்கட்டை, கூடவே தீட்டுக்கோல். "இது யாருக்குன்னு நினைக்கிறீங்க? சும்மா ஆளுக்கு இல்ல, தெரிஞ்ச ஆளுக்கு!" என்று அவன் நேராக என்னைப் பார்த்துச் சொன்னான். கூட்டத்தில் என்னைப் பார்த்து இப்படிச் சொன்னபிறகு எப்படி வாங்காமல் வருவது?

வீட்டில் அந்தக் கட்டையை வைக்க இடமில்லாமல் காப்பிப் பாத்திரத்தை ஜன்னலுக்கு நாடு கடத்தினேன். மிலாக்ரோஸ் பதினான்கு பிடிகளையும் எண்ணிவிட்டு, "இலாரியோ, நம்ம வீட்டுல வெட்டுறதுக்கு இவ்வளவு என்ன இருக்கு?" என்றாள். பிறகு தன் சின்னக் கத்தியை எடுத்துப் பூண்டு உரிக்கப் போய்விட்டாள். நான் பயிற்சி தொடங்கினேன். முதல் நாள் கத்தரிக்காய், இரண்டாம் நாள் கட்டைவிரல். ரத்தம் பட்டதே என்று பதினான்கையும் பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் ஒன்றாகப் போட்டு, மிகச் சூடான தண்ணீரில் கழுவினேன். அவை உள்ளே ஒன்றோடொன்று முட்டிக்கொண்ட சத்தம் மாடி வீடு வரைக்கும் கேட்டதாம். வெளியே எடுத்தபோது நீளக் கத்தியின் கூர் போயிருந்தது. போனால் என்ன என்று தீட்டுக்கோலை எடுத்து, சமையல் நிகழ்ச்சிகளில் செய்வதுபோல் சரக் சரக்கென்று வேகமாகத் தீட்டினேன். சத்தம் பிரமாதமாக இருந்தது. கத்தியில் ரம்பம் போலப் பல் விழுந்துவிட்டது.

அதன்பிறகு நடந்ததை நீங்களே முதல் வரிசையில் உட்கார்ந்து பார்த்தீர்கள். ஆனாலும் எழுதுகிறேன், எழுதினால்தான் எனக்கு ஆறும். மண்டபத்தில் உங்கள் தொடை தாங்கியில் நின்றது. நீங்கள் இடது கையால் அந்தச் சீட்டை அவிழ்த்து, சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, "ஆரம்பிங்க சம்பந்தி" என்றீர்கள். எண்பது பேர் தட்டோடு வரிசையில். முதல் துண்டு பாதிரியார் தோன் அன்செல்மோவுக்கு. அதைத் துண்டு என்று சொல்லக்கூடாது, செருப்பின் அடி. அவர் இரண்டு முறை மென்று, கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு சர்ச்சுக்குப் போனவர் பொய்ப்பல்லைச் சரிசெய்துகொண்டு அரைமணி கழித்துத்தான் வந்தார். அடுத்தது புகை மாதிரி மெல்லிசாக வந்தது. அதைத் தட்டில் யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. "தாத்தா மரம் அறுக்கிறாரா?" என்று ஒரு வாண்டு கேட்டது, எல்லோருக்கும் கேட்டது. பத்து நிமிடத்தில் எலும்பு தெரிந்தது, கத்தி அதில் மாட்டிக்கொண்டது, நான் இழுத்தேன். தாங்கியின் திருகை இறுக்கியிருக்கிறேனா என்று பார்க்கவில்லை. கண்ணாடியைப் பார்க்காமல் திரும்புவதற்கு என்ன மதிப்பெண்ணோ அதே மதிப்பெண்தான் இதற்கும். தொடையும் தாங்கியும் கத்தியும் மேசையை விட்டுப் போய், ஞானத்தாயின் நாற்காலிக்கு அடியில் நின்றன. புகைப்படக்காரர் அதை மட்டும் விடாமல் எடுத்திருக்கிறார்.

நீங்கள் அப்போது எழுந்தீர்கள். தூளி கட்டிய கையாலேயே மேசையை ஓங்கிக் குத்தி எழுந்தீர்கள். அந்தத் தோள் வலியைக்கூட மறக்கவைக்கும் அளவுக்குக் கோபம் என்றால், அது எப்பேர்ப்பட்ட கோபமாக இருக்கவேண்டும் என்று நினைத்து நினைத்து மூன்று வாரமாகக் குறுகிப்போயிருக்கிறேன். கேக் வெட்டுவதற்குள் தனியாகக் கிளம்பிவிட்டீர்கள். என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. நீங்கள் போனபிறகு மிலாக்ரோஸ் கைப்பையிலிருந்து தன் சின்னக் கத்தியை எடுத்தாள். அது அங்கே எப்படி வந்தது என்று கேட்டதற்கு, "உன்னை எனக்குத் தெரியாதா?" என்றாள். சமையலறையில் அவளும் விசித்தாவும் மிச்சத்தைச் சுத்தம் செய்து, சின்னச் சின்னதாக நறுக்கி அனுப்பினார்கள். தட்டுகள் காலியாயின. நான்கு வருடத் தொடை என்ன ருசியென்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது, அழுகையே வந்துவிட்டது.

சம்பந்தி, நான் வருந்துகிறேன். தொடைக்காக மட்டுமல்ல. நீங்கள் நம்பி ஒரு பொருளைக் கொடுத்தீர்கள், நான் தெரியும் என்று பொய் சொல்லி அதை வாங்கினேன். பதினான்கு கத்தியையும் ஊர் முதியோர் இல்லத்துக்குக் கொடுக்கப் போனேன். பயந்துபோய் வேண்டாம் என்றுவிட்டார்கள். போன வாரம் மிலாக்ரோஸோடு மறுபடி ஃபெலிசாவிடம் போனேன். மிலாக்ரோஸின் சின்னக் கத்தியை வாங்கி வெளிச்சத்தில் பார்த்த ஃபெலிசா, "இதுக்கு மேல நான் என்னம்மா விக்கிறது?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டு, ரொட்டிக் கத்தி ஒன்றை மட்டும் தந்தாள். உங்களுக்காகத் தொடை வெட்டும் நீளக் கத்தி ஒன்று வாங்கியிருக்கிறேன். அதைக் கையில் பிடித்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தது மிலாக்ரோஸ், நான் இல்லை, ஆகவே பயப்படவேண்டாம். தோள் தேறியதும் உங்கள் கையால் இதில் ஒரு தொடையை வெட்டுங்கள். எனக்கு ஒரு துண்டு தருவீர்களா என்று கேட்க உரிமை இல்லை, ஆனாலும் கேட்கிறேன்.

விசித்தாவுக்கு எங்கள் அன்பு. எஃப்ரேனுக்கும் நோயேலியாவுக்கும் நடுவில் நம்மால் ஒரு சொல்லும் வராமல் மாதா காக்கட்டும். ஹிமேனா வளர்ந்து, தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் பெண்ணாக இருக்கட்டும்.

தங்கள் மன்னிப்பை எதிர்நோக்கும்,
இலாரியோ

பி.கு.: உறையை ஒட்டப்போன நேரத்தில் விசித்தா மிலாக்ரோஸுக்குத் தொலைபேசினார். நான் பக்கத்தில் நின்று முழுவதும் கேட்டேன். உங்கள் தோளுக்கு ஒன்றும் இல்லையாமே! ஒருநாளும் ஒன்றும் இருந்ததில்லையாமே! நாற்பது வருடமாக உங்கள் வீட்டில் தொடை வெட்டுவது விசித்தாதானாமே. நீங்கள் கத்தியைத் தொட்டால் கை தந்தியடிக்குமாம், பன்றி வளர்ப்பவருக்கு வெட்ட வராது என்று தெரிந்தால் ஊர் சிரிக்கும் என்று தூளியை மருந்துக்கடையில் வாங்கி நீங்களே கட்டிக்கொண்டீர்களாமே! அன்று எழுந்து போனது கோபத்தில் இல்லையாம், என்னை அந்த மேடையில் ஏற்றிவிட்ட வெட்கத்திலாம், மூன்று ஞாயிறாக நீங்களும் தொலைபேசி பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, எண்ணைச் சுழற்றத் தைரியமில்லாமல் எழுந்து போகிறீர்களாம். எனவே மேலே கேட்ட மன்னிப்புகள் அனைத்தையும் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன், பாதிரியாரின் பல்லுக்கானது தவிர. கத்தியை விசித்தாவிடம் கொடுத்துவிடுங்கள். கிறிஸ்துமஸுக்குப் பிள்ளைகளோடு நீங்கள் இருவரும் இங்கே வந்துவிடுங்கள், வெட்டுவதை விசித்தாவும் மிலாக்ரோஸும் பார்த்துக்கொள்ளட்டும். ஆனால் வரும்போது அந்தத் தூளியை மறக்காமல் எடுத்துவாருங்கள். புத்தாண்டுக்கு என் மச்சினன் வீட்டிலிருந்து ஒரு தொடை வரப்போகிறது, என்னைத்தான் வெட்டச் சொல்வார்கள்.