அரை அங்குலப் பனியில் ஸ்டான் அடித்த ஹாரன்

"போங்கடா... போய்த் தொலைங்களேன்டா!" என்று ஸ்டான் வொய்சிக் காருக்குள்ளேயே கத்திக்கொண்டிருந்தான். முன்னால் பன்னிரண்டு வண்டிகள். எல்லாம் அபாய விளக்கைச் சிமிட்டிக்கொண்டு, மணிக்குப் பத்து மைல் வேகத்தில் ஊர்ந்தன.

நார்த் கரோலினாவில் விடியற்காலை அரை அங்குலம் பனி விழுந்திருந்தது. அவ்வளவுதான். அதற்கே ஊர்க்காரர்கள் முந்தின நாள் கடைகளில் பாலையும் ரொட்டியையும் துடைத்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஸ்டான் பஃபலோவில் பிறந்து வளர்ந்தவன். அங்கே இடுப்பளவு பனியிலும் ஒரு கையில் காபியோடு வேலைக்குப் போவார்கள். இங்கே வந்து மூன்று மாதமாக இந்த ஜனங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தவனுக்கு இன்று சிரிப்பு வரவில்லை.

போன் ஒலித்தது. ஆபீஸ் வரவேற்பில் உட்காரும் லொரெட்டா.

"எங்க கண்ணு இருக்க?"

"நடுரோட்டுல. முன்னாடி ஆமைங்க ஊர்வலம் போகுது."

"நீயும் மெதுவாவே வா. எப்படிக் கொட்டிக் கெடக்குது பாத்தியா!"

"இது கொட்டுறதா? எங்க ஊர்ல இதுக்குப் பேரு பொடுகு."

"பொடுகோ என்னமோ. ஹாலிஸ் சார் காலைல வரமாட்டாரு. ஆனா ஒம்போது மணிக்கு போன் பண்ணி, நீ சீட்ல இருக்கியான்னு கேப்பாராம். மூணாவது தடவைன்னா..."

மூன்றாவது தடவை தாமதமானால் வேலை காலி. மனைவியோ பஃபலோ வீட்டை விற்றுவிட்டு, இரண்டு பூனைகளோடு சனிக்கிழமை வந்து இறங்கப்போகிறாள். மணி எட்டு நாற்பது.

இடது பக்கப் பாதை காலியாகக் கிடந்தது. ஸ்டான் ஒரே மிதி. பதினோரு வண்டிகளைத் தாண்டிவிட்டான். முதல் வண்டிக்கும் இரண்டாவது வண்டிக்கும் நடுவே ஒரு லாரியே படுத்துத் தூங்கலாம் போல இடம் விட்டிருந்தார்கள், பயந்தாங்கொள்ளிகள். அதற்குள் நுழைந்துகொண்டான். நுழைந்த பிறகுதான் தன் பக்கச் சாலை ஒற்றைப் பாதையாகக் குறுகுவதைக் கவனித்தான். முன்னால் நீளமான ஒரு வெள்ளை வண்டி, பின்கண்ணாடி முழுக்கப் பனி அப்பியபடி. அதே பத்து மைல்.

ஹாரனை அழுத்தினான். சும்மா தட்டவில்லை, உள்ளங்கையை வைத்து அழுத்தினான். வெள்ளை வண்டி திடுக்கிட்டுக் குலுங்கி, பதினைந்துக்கு ஏறியது.

"அப்படி வா வழிக்கு!"

மறுபடி அழுத்தினான். இருபது!

எதிர்ப்பக்கம் வந்த வண்டிகள் ஒவ்வொன்றாக ஓரங்கட்டி நின்றன. ஒரு கிழவர் வண்டியை விட்டே இறங்கி, தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு தலைகுனிந்து நின்றார். ஸ்டானுக்குப் பொறுக்கவில்லை. கண்ணாடியை இறக்கினான்.

"பெரியவரே, இது பனி! சாமி இல்ல!"

சந்திப்பில் ஒரு போலீஸ்காரர் நாலு பக்கமும் வண்டிகளை நிறுத்திவிட்டு, சிவப்பு விளக்கிலேயே இவனைப் போகச் சொல்லிக் கை காட்டினார். இந்த ஊரில் ஒருவனுக்காவது மூளை இருக்கிறதே என்று ஸ்டானுக்கு மனசு குளிர்ந்தது. போலீஸ்காரர் வலது பக்கம் கைகாட்ட, வெள்ளை வண்டி திரும்பியது. பனிக்காகப் பாதையை மாற்றிவிட்டிருக்கிறார்கள் என்று இவனும் திரும்பினான். ஒரு இரும்புக் கதவு. அதைத் தாண்டி வரிசை வரிசையாகக் கற்கள். கற்களில் பெயர்கள்.

வெள்ளை வண்டியின் பின்கதவு திறந்தது. உள்ளே சவப்பெட்டி.

ஸ்டான் அவசரமாக ரிவர்ஸ் கியரைப் போட்டான். பின்னால் எடுக்கலாம் என்றால், அந்தப் பதினோரு வண்டிகளும் வந்து குறுகலான பாதையை அடைத்துக்கொண்டு நின்றுவிட்டன. அதோடு போயிற்றா? சவவண்டியின் முன்சீட்டிலிருந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கியவர் ஹாலிஸ் டேட். சாட்சாத் முதலாளியேதான்.

"ஸ்டான்? நீயா?"

"நான்... வந்து... சார்..."

"லொரெட்டா சொன்னாளா, எங்க சித்தப்பா தவறிட்டாருன்னு?"

"ஆமா சார்" என்றான் ஸ்டான். வேறு என்ன சொல்வது?

"மணி ஒம்போது. இந்நேரம் நீ ஆபீஸ்ல இருக்கியான்னு கேக்கணும்னு இருந்தேன். நீ இங்க வந்து நிக்கிற. பெட்டி தூக்கறேன்னு சொன்ன ரெண்டு பேரு பனிக்குப் பயந்து வரல. ஒரு கை குடுக்கிறியா?"

பெயர்கூடத் தெரியாத தொண்ணூற்றொரு வயதுக்காரரை ஸ்டான் தோளில் சுமந்தான். மற்ற ஐந்து பேரும் பனியில் பொம்மை மாதிரி அடிமேல் அடி வைக்க, முழுப் பாரமும் இவன் தோளில் இறங்கியது. அதுவாவது பரவாயில்லை.

"எவனோ ஒருத்தன் வழி முழுக்க ஹாரன் அடிச்சான்யா" என்று ஹாலிஸ் பல்லைக் கடித்தார். "சித்தப்பாவோட கடைசி ஊர்வலத்துல! நான் குனிஞ்சு அழுதுட்டிருந்தேன், பாக்கல. அவன் மட்டும் என் கையில சிக்கட்டும்!"

"சிக்கட்டும் சார்" என்றான் ஸ்டான், எலிக்குரலில்.

"ஓட்டிஸ்! நீ பக்கக் கண்ணாடில பாத்திருப்பியே. எந்த வண்டி?"

சவவண்டி ஓட்டிவந்த ஓட்டிஸ், அறுபது வயதுக்காரர், ஸ்டானைப் பார்த்தார். ஸ்டானின் வண்டியைப் பார்த்தார். "யோசிச்சுச் சொல்றேன் சார்" என்றார்.

மண் போட்டு முடியும்வரை ஸ்டானுக்கு உயிர் உயிராக இல்லை. பூனைகள் இரண்டும் கண்முன்னே வந்து நின்றன. கூட்டம் கலைந்ததும் ஓட்டிஸிடம் ஓடினான்.

"ஐயா, உங்க காலைப் பிடிச்சுக்கிறேன். சொல்லிடாதீங்க. பனிக்குப் பயந்துதான் மெதுவாப் போறீங்கன்னு நெனச்சுட்டேன். செத்தவருக்கு மரியாதைன்னு எனக்குத் தெரியாது. எங்க ஊர்ல யாரும் இப்படி ஓரங்கட்டி நிக்கமாட்டாங்க. மூணு மாசமா உங்க எல்லாரையும் கேலி பண்ணேன். வெக்கமா இருக்குங்க." நிஜமாகவே வெட்கமாகத்தான் இருந்தது, கண்ணில் நீர்கூட வந்துவிட்டது.

ஓட்டிஸ் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"மரியாதைன்னா முப்பத்தஞ்சு மைல்ல போவோம் தம்பி, இன்னிக்குப் பனியப் பாத்ததும் எனக்குக் காலே நடுங்கிடுச்சு, நீங்க மட்டும் பின்னாடியே ஹாரன் அடிச்சு வெரட்டலைன்னா பெரியவரு இன்னும் நடுரோட்டுலதான் இருந்திருப்பாரு!"