ஹொலண்டு சட்டம் தெரிந்த தலைவர்

தேயிலைத் தோட்டங்களில் ஓர் இனம் உண்டு: தூரத்து நாட்டுச் சட்டம் தெரிந்தவர்கள். கூப்பிட்ட இடத்துக்கு வரமாட்டார்கள். கூப்பிடாத இடத்தில் வாய் ஓயமாட்டார்கள். பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றின் தொழிற்சங்கத் தலைவர் அழகையா அந்த இனத்தின் அசல் வித்து. மருமகன் ஹொலண்டில் வேலை பார்க்கிறான். மாமனார் இங்கிருந்தே அந்த நாட்டை நடத்துகிறார்.

தான் பறித்து நிறுத்த கொழுந்தில் கிலோ வெட்டியதைத் தட்டிக் கேட்டதற்காக, நாளையிலிருந்து வராதே என்று தோட்ட மேற்பார்வையாளரான கண்டாக்கு விரட்டிய நாகலெட்சுமிக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். ஆட்களுக்கு வேலை பிரிக்கும் காலைப் பெரட்டில் தலைவர் வந்து, எல்லார் முன்னாலும் நியாயம் கேட்க வேண்டும். தோட்டப் பதிவில் பேர் வெட்டுப்பட்டால் அவள் வீட்டில் அடுப்பெரியாது.

"தலைவரே, நாளைக்குப் பெரட்டுக்கு வர்றீங்களா?"

"ஹொலண்டுல வேலை போனா என்னா நடக்கும்னு தெரியுமா ஒனக்கு?"

கடைசி முப்பத்தாறு வாரத்தில் இருபத்தாறு வாரம் வேலை செய்திருந்தால் போதுமாம், முதல் இரண்டு மாதம் சம்பளத்தில் முக்கால் பங்கு வந்து சேருமாம், பிறகு கொஞ்சம் குறையுமாம், உழைத்த காலத்தைப் பொறுத்து இரண்டு வருஷம் வரைக்கும்கூட நீளுமாம், வேலை தேடுவதை மட்டும் விடக் கூடாதாம், தன்னிஷ்டத்துக்கு வேலையை விட்டவனுக்கோ சல்லிக் காசு கிடையாதாம். சொல்லச் சொல்ல முகத்தில் அப்படியொரு பூரிப்பு! சட்டத்தை எழுதியதே இவர்தானா?

"அதெல்லாம் சரிங்க தலைவரே. பெரட்டுக்கு?"

"நீ போகாத புள்ள. அவன்கிட்டப் போயி கெஞ்சிக்கிட்டு நிக்காத. நான் பேசி முடிக்கிற வரைக்கும் வீட்டுல இரு."

இருந்தாள். தலைவரும் பேசத்தான் பேசினார்: கோயில் கூட்டத்தில், மஸ்கெலியா பஸ்ஸில், சலூனில். கண்டாக்கிடம் மட்டும் பேசவில்லை. மாதம் முடிவதற்குள் நாகலெட்சுமியின் பேரை வெட்டிவிட்டார்கள். பெரட்டுப் பக்கமே வராமல் தானாக நின்றுவிட்டாள் என்று காரணம் சொன்னார்கள்.

அழுதுகொண்டு ஓடிவந்தவளைப் பார்த்து அழகையா உச்சுக் கொட்டினார்.

"தானா நின்னுட்டியே புள்ள. அதுக்கு ஹொலண்டுலயே ஒன்னும் குடுக்க மாட்டாங்க!"

பாவி மனுஷன்! நீங்களும் திட்டுகிறீர்கள், நன்றாகத் திட்டுங்கள். ஆனால் அந்த முக்கால் சம்பளத்தைப் படித்தபோது உங்கள் மனதில் என்ன ஓடியது? அவளோடு பெரட்டுக்கு யார் போவார்கள் என்றா? இரண்டு மாதத்துக்குப் பிறகு எவ்வளவு குறையும் என்றா? இரண்டாவது என்றால் வெட்கப்படாமல் வாருங்கள். அழகையாவுக்குப் பக்கத்தில் இடம் இருக்கிறது.