ரத்னா பின்னால்தான் உட்கார்ந்து போகிறாள்

பொன்னேரி தாலுகா,
18-9-1972

மகாராஜராஜஸ்ரீ மாப்பிள்ளை தேசப்பன் அவர்களுக்கு, மச்சான் பூவராகவன் எழுதிக்கொண்டது. ஆரணியாற்றில் முழங்கால் தண்ணீர் நிதானமாக ஓடுகிறது. பம்பாயில் உங்கள் உடம்பும் மில் வேலையும் அதே நிதானத்தில் ஓட வேணுமாய் வேண்டுகிறேன். இங்கே நான், தங்கை லட்சுமி, உங்கள் மகள் ரத்னா, கறவை மாடு நால்வரும் சுகம். மாடு மட்டும் கொஞ்சம் இளைப்பு.

'ரத்னா சைக்கிள் ஓட்டுகிறாளாம், சடையப்பன் எழுதியிருக்கிறான். நிஜமென்றால் தீபாவளிக்கு வந்ததும் காலேஜை நிறுத்திவிடுவேன்' என்று எழுதியிருந்தீர்கள். அதைக் கேட்ட லட்சுமி உலையில் அரிசி போட மறந்து வெறும் தண்ணீரை ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டாள். ரத்னா புத்தகத்தை மூடி வைத்துவிட்டாள். அதனால் ஐந்தாம் வகுப்பை இரண்டு தடவை படித்தவன் என்ற தகுதியில் நானே பதில் எழுதுகிறேன். நம் பக்கத்து வீட்டுச் சடையப்பனுக்கு ஒரு கண்ணில் புரை, மற்ற கண்ணில் பொறாமை.

ஜூலையில் நீங்கள் போட்ட உத்தரவு என்ன? காலேஜ் நாலு மைல், பஸ் ஏழுக்கு ஒன்று, விட்டால் பதினொன்றுக்கு ஒன்று, நடந்து போனால் முதல் வகுப்பு போய்விடுகிறது, ஆகவே மாமன் சைக்கிள் மிதிக்க ரத்னா பின்னால் உட்கார்ந்து போகவேண்டும் என்றீர்கள். வேறு யாரை நம்புவீர்கள்? ஆர்.கே.பேட்டை மைதானத்தில் மூன்று நாள் தரையில் கால் வைக்காமல் சைக்கிளில் வட்டமடித்தவன் நான். நாஷ்டா, குளியல், சவரம் எல்லாம் அதன் மேலேயே. மூன்றாம் நாள் சைக்கிள்தான் மயக்கம் போட்டது, நான் போடவில்லை. இப்போதும் பாருங்கள், ஒரு கையில் குடை, ஒரு கையில் ரத்னாவின் புத்தகம், மடியில் சாப்பாட்டு டப்பா, இத்தனையும் பிடித்துக்கொண்டு சைக்கிளில் போகிறவன் இந்த ஜில்லாவிலேயே நான் ஒருவன்தான். எதிரில் வரும் பழவேற்காட்டு மீன்காரி எல்லம்மா கூட, "இன்னா நைனா, மவராசன் மாரி குந்திக்கினு போறியே!" என்று கேட்டாள். என் கம்பீரத்தைச் சொன்னாள்.

போன செவ்வாய் பொன்னேரி கடைத்தெரு முனையில் போலீஸ்காரர் யேசுதாஸ் மறித்தார். "டபுள்ஸா? பின்னாடி குந்திக்கினு இருக்கிறவங்க இறங்கு, இறங்கு!" என்றார். சட்டத்துக்கு மரியாதை கொடுத்து நான் இறங்கினேன். "யோவ் பெருசு, அந்தப் பொண்ண ஏன்யா பேஜார் பண்றே? நடந்து வாயேன்!" என்றார். நடந்தேன். நான் காலேஜ் கேட்டுக்குப் போனபோது ரத்னா உள்ளே வகுப்பில் இருந்தாள். எப்படிப் போனாள் என்பதில் என்ன இருக்கிறது மாப்பிள்ளை? நேரத்துக்குப் போனாள், அதைப் பாருங்கள். இரண்டு மாதமாக ஒரு நாள் ஆப்சென்ட் இல்லை. கணக்கில் அவள்தான் முதல் மார்க்.

ஆகவே சடையப்பன் பேச்சை ஆற்றோடு விட்டுவிட்டு, படிப்பை நிறுத்த மாட்டேன் என்று ஒரு வரி எழுதவும். ரத்னா தபால்காரர் வரும் பக்கமே பார்த்துக்கொண்டிருக்கிறாள். உங்கள் தலைக்கு நிழலும் நம் சைக்கிள் டயருக்குக் காற்றும் குறையாதிருக்க ஆண்டவன் அருள்வானாக.

இப்படிக்கு,
உண்மையைத் தவிர வேறு எழுதியறியாத
பூவராகவன்

பின்குறிப்பு: வரும்போது பம்பாயில் நல்ல செயின் கவர் ஒன்று வாங்கி வரவும். ரத்னாவின் தாவணி செயினில் மாட்டி இரண்டு முறை கிழிந்துவிட்டது. கேரியருக்கு ஒரு சின்ன மெத்தையும் வேண்டும், பள்ளத்தில் இறங்கினால் என் முதுகெலும்பு மண்டைவரை வருகிறது. ஆர்.கே.பேட்டையில் மிதித்தது வேறு ஆள், சோடா கொடுத்தவன் நான். இதை லட்சுமியிடம் சொல்லவேண்டாம். ஸ்டேஷனில் இறங்கி வண்டி தேடி அலையாதீர்கள், ரத்னா சைக்கிளோடு நிற்பாள். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் ஏறிக்கொள்ளுங்கள். ஆற்று மேட்டில் மட்டும் அசையக்கூடாது, அவளுக்குக் கோபம் வரும். அனுபவத்தில் சொல்கிறேன்.