பூட்டுக்காரனால் நான் கெட்டுத் தேறிய கதை

மரியாதைக்குரிய மச்சான் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நாங்கள் இருவரும் நலம். இந்த வரியைப் போன வாரம் எழுதியிருந்தால் சுத்தப் பொய்யாக இருந்திருக்கும், இன்றைக்கு உண்மை. தங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என நம்புகிறேன். குறைந்திருந்தாலும் இதை உட்கார்ந்தே படிக்கவும். போனில் சொல்லலாம்தான், ஆனால் நடுவில் நீங்கள் சிரித்துவிடுவீர்கள், எனக்குச் சொல்ல வந்தது மறந்துபோகும்.

விஷயம் இதுதான். "பொழுது போகலைன்னா பாருங்க" என்று நீங்கள் பாஸ்வேர்டு கொடுத்துவிட்டுப் போனீர்களே அந்தப் பூட்டுக்காரன் தொடர், அதை நாங்கள் பார்க்க ஆரம்பித்தோம். பகலெல்லாம் பூட்டு ரிப்பேர் செய்கிற சாதுவான மனுஷன், கடையைச் சாத்தியதும் கோர்ட்டில் தப்பித்த அயோக்கியன் வீட்டுப் பூட்டைத் திறந்துகொண்டு போய்த் தண்டனை கொடுக்கிறான். நான் முப்பத்தொரு வருஷம் நீதிமன்றத்தில் உட்கார்ந்து தீர்ப்புகளைத் தட்டச்சு செய்தவன். முதல் நாள் அவன் ஒருத்தனைக் கன்னத்தில் அறைந்ததற்கே "இதுக்கு எந்தச் சட்டத்துல இடம் இருக்கு?" என்று எழுந்து நின்றுவிட்டேன். மூன்றாம் நாள் ஒருத்தன் விரலை உடைத்தான், நான் உட்கார்ந்தே இருந்தேன். பத்தாம் நாள் கலப்பட மருந்து விற்றவனை லிஃப்ட் குழிக்குள் தள்ளினான், மச்சான், நான் கைதட்டினேன். கைதட்டியதும் எனக்கே வெட்கமாகிவிட்டது. "அவன் தள்ளினது தப்புதானே?" என்று உங்கள் தங்கையிடம் கேட்டேன். "தப்புதான். ஆனா நல்லாத் தள்ளினான்" என்றாள். அதற்கு மேல் எங்கள் வீட்டில் யாரும் சட்டம் பேசவில்லை.

எங்கள் கட்டடத்தில் கீழ்த்தளத்தில் ஒரு தையல்காரம்மா இருக்கிறார், நீங்கள் வந்தபோது உங்கள் சட்டைக்குக் காலர் மாற்றித் தந்தாரே, அவர்தான். மூன்று மாதம் முன்னால் விழுந்து காலை உடைத்துக்கொண்டு சக்கர நாற்காலியில் இருக்கிறார். அவருக்காகவே வாசலில் சாய்வுப்பாதை போட்டோம். அந்தப் பாதையை அடைத்துக்கொண்டு வாரத்துக்கு இரண்டு முறை ஒரு சாம்பல் நிறக் கார் நிற்கும். எங்கள் இரண்டாம் மாடி ஜன்னலிலிருந்து பார்த்தால் வாசல் தகரக் கூரை பாதியை மறைத்துவிடும். காரின் முகமும், அதற்குப் பின்னால் வெளியே வர வழியில்லாமல் காத்திருக்கிற நாற்காலியின் இரண்டு சக்கரமும்தான் தெரியும். எனக்கு ரத்தம் கொதிக்கும். குடியிருப்போர் சங்கச் செயலாளருக்கு மூன்று மனு கொடுத்தேன், பதில் இல்லை. அப்போதுதான் மச்சான், எனக்குள்ளே இருந்த பூட்டுக்காரன் கண் விழித்தான்.

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் ரெண்டு மணி, எல்லாரும் சாப்பிட்டுப் படுத்திருக்கிற நேரம், அந்தக் கார் வந்து நின்றது. நான் பூனை மாதிரி இறங்கிப் போய், குனிந்து, நாலு சக்கரத்திலும் காற்றடிக்கிற இடத்து மூடியைத் திருகிக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். கண்ணாடியில் ஒரு சீட்டும் வைத்தேன். பூட்டுக்காரன் சாவி படம் போட்ட சீட்டு வைப்பான், எனக்குப் படம் வராது, அதனால் தட்டச்சு செய்தேன்: "மேற்படி வாகனம் மேற்படி சாய்வுப்பாதையின் மீது நிறுத்தப்படுவது இனி பொறுத்துக்கொள்ளப்பட மாட்டாது. இது முதல் எச்சரிக்கை." மாடியேறி வந்து சட்டை மாற்றி, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தேன். உங்கள் தங்கை துணி எடுக்கக் கீழே போயிருந்தாள். அரை மணி கழித்து எட்டிப் பார்த்தால் கார் நாலு காலையும் மடக்கி எருமை மாதிரி உட்கார்ந்திருக்கிறது! மச்சான், கல்யாணத்தன்றுகூட நான் அவ்வளவு நிமிர்ந்து நின்றதில்லை.

அந்தச் சந்தோஷம் அஞ்சு நிமிஷம்கூட நிக்கலை. கீழே ஒரே சத்தம். ஓடிப் போனேன். அந்தக் கார் யாருது தெரியுமா? தையல்காரம்மாவோட அண்ணன் பொண்ணுது. வாரத்துக்கு ரெண்டு தடவை அத்தையை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போக வருது. சாய்வுப்பாதையை ஒட்டி நிறுத்தினாதான் நாற்காலியிலேர்ந்து காருக்குள்ள ஏத்த முடியும்னு அந்த அம்மாவே நிறுத்தச் சொன்ன இடம் அது. ரெண்டு மாசம் காத்திருந்து கிடைச்ச பெரிய டாக்டர் அன்னிக்கு மூணு மணிக்கு! இன்னொரு ஆபரேஷன் வேணுமா வேண்டாமான்னு சொல்லப்போற நாள். அந்தப் பொண்ணு சக்கரத்தைப் பார்த்து அழுதுட்டு நிக்குது, அந்த அம்மா நாற்காலியில உட்கார்ந்து என் சீட்டை வாசிச்சுட்டு இருக்காங்க. எனக்குக் காலுக்குக் கீழே தரையே இல்லை மச்சான். கேட்டுல நிக்கிற காவலாளிதான் தெருமுனை வரைக்கும் ஓடி ஒரு வாடகைக் காரைப் பிடிச்சுட்டு வந்தார். நாற்காலியை மடக்கி டிக்கியில வெச்சது நான்தான். அதைப் பார்த்துட்டு அந்தப் பொண்ணு, "நல்ல மனுஷர் நீங்க அங்கிள்"னுச்சு. அந்த வார்த்தைக்கு அது என்னை நாலு அறை அறைஞ்சிருக்கலாம்.

திரும்பி வர்ற வரைக்கும் மூணு மணி நேரம் நான் வாசப்படியிலேயே உட்கார்ந்திருந்தேன். நாற்பது நிமிஷம் தாமதமாப் போயிருக்காங்க. நல்லவேளை, டாக்டரும் வேற ஆபரேஷன்ல மாட்டிக்கிட்டு ஒரு மணி நேரம் கழிச்சுத்தான் வந்திருக்கார். எலும்பு கூடிடுச்சாம், இன்னொரு ஆபரேஷன் வேண்டாமாம், ஒரு மாசத்துல கோல் ஊன்றி நடக்கலாமாம். நான் போட்ட பெருமூச்சுல கொடியில காயப்போட்ட துணியெல்லாம் ஆடியிருக்கும்.

ஆனால் வினை அத்தோடு விடவில்லை. வாட்ஸப் குழுவில் பாதிப் பேர் "யாரோ தைரியசாலி" என்று கைதட்டுகிறார்கள். மூன்றாம் மாடிக்காரர், நாய் வளர்க்கிற ஒருவரின் பெயரைச் சொல்லி "அடுத்தது இவர்" என்று எழுதுகிறார். மீதிப் பேர், "காவலாளி என்ன பண்ணிட்டு இருந்தான், வேலையை விட்டு அனுப்பு" என்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை கூட்டம். செயலாளர் கேட்கிறார், காவலாளி தலையைக் குனிந்துகொண்டு "யாருன்னு தெரியாதுங்க" என்கிறார். இரண்டு பெண்களைப் படிக்கவைக்கிற மனுஷன். பூட்டுக்காரனுக்குப் பதிலாக எவனாவது அப்பாவி மாட்டினால், அடுத்த காட்சிக்குப் போய்விடுவார்கள். நமக்கு அடுத்த காட்சி கிடையாதே. எழுந்தேன். "செஞ்சது நான்தான்" என்றேன். தையல்காரம்மா மட்டும் சிரித்தார். "தெரியும் சார். 'மேற்படி'ன்னு ரெண்டு தடவை எழுதுற ஆள் இந்தக் கட்டடத்துல வேற யார் இருக்கா? நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேன்" என்றார். "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?" என்றார், அதுதான் தைத்தது. நான் அடித்த ஒவ்வொரு தீர்ப்பிலும் "இருதரப்பும் கேட்கப்பட்டது" என்று ஒரு வரி வரும். ஆயிரம் தடவை அடித்த விரலுக்கு, கேட்கணும்னு தோணலை. பூட்டுக்காரனுக்குத் தப்பு பண்ணினவன் யாருன்னு கதை எழுதுறவங்க முன்னாடியே காட்டிக்கொடுத்துடுறாங்க மச்சான். எனக்குக் காட்டினது ஒரு தகரக் கூரை.

காவலாளி வேலை பிழைத்தது. அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டு, மூடி நாலையும் கையில் கொடுத்து, மெக்கானிக்கையும் நானே கூட்டிவந்தேன். மனசு இப்போது இறகு மாதிரி இருக்கிறது. அந்தத் தொடரை இனிப் பார்ப்பதில்லை. உங்கள் தங்கையும் அன்றிலிருந்து அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. என்னால் அவளுக்கும் தலைகுனிவு, பாவம்.

தங்கள் குடும்பத்தில் எல்லோரும் நீண்ட ஆயுளோடும், பிறர் வாகனத்தைத் தொடாத கையோடும் வாழ வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மைத்துனன்

பி.கு.: அண்ணா, இது நான் எழுதுறேன். கவரை ஒட்டச் சொல்லி என்கிட்ட கொடுத்துட்டுக் குளிக்கப் போயிருக்கார். மூடியைக் கழற்றினா காத்து போகாதுண்ணா. கார் ஓட்டத் தெரியாத மனுஷனுக்கு அது எங்கே தெரியும்? பால்கனியிலேர்ந்து பார்த்தேன், பாவமா இருந்தது, துணி எடுக்கிற சாக்குல இறங்கிப் போய் ஹேர்பின்னால நாலு சக்கரத்து வால்வையும் அமுக்கிக் காத்தை இறக்கிவிட்டேன். கூட்டத்துல நானும் எழுந்திருக்கணும்தான். ஆனா அவர் நின்ன கம்பீரத்தைப் பார்த்ததும் கெடுக்க மனசு வரலை. தையல்காரம்மாகிட்ட தனியாப் போய்ச் சொல்லிட்டேன், வயித்தைப் பிடிச்சுட்டுச் சிரிச்சாங்க. இன்னிக்குக் காலைல காவலாளிகிட்டயும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "பார்த்துட்டுத்தாம்மா இருந்தேன்"னார். "அப்புறம் ஏன் சொல்லலை?"ன்னேன். கேட்டைச் சாத்திக்கிட்டே, "அந்தப் பொண்ணு கேட்டைத் திறக்கச் சொல்லி ஹாரன் அடிக்கிற அடிக்கு, நாலாவது சக்கரத்தை எனக்கு விட்டு வெச்சிருக்கலாமேம்மா"ன்னார்.