பச்சைப் பாவாடை கேட்ட அப்பா

பண்டிகை நெருங்கினால் ஓர் இனம் தொண்டையைக் கனைத்துக்கொண்டு வெளியே வரும். பிள்ளையோடு டி.வி.யில் பாடும் அப்பா. உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. பிள்ளைக்கு இருமல் வந்தால் இவர் மிளகு மெல்லுவார்; பிள்ளை வாயைத் திறக்குமுன் இவருடைய உதடு திறந்துவிடும்; யாராவது "குழந்தை நல்லாப் பாடுது" என்றால் இவர் தலை குனிந்து "தேங்க்ஸ்" என்பார்.

புனே சாங்வியில் இருக்கும் ராமநாதனையே பாருங்கள். வெளியூர்த் தமிழர்களின் பொங்கல் நிகழ்ச்சிக்காக ஒரு சேனல் அதே ஊரில் கோர்படி பகுதி மண்டபத்துக்குப் படம்பிடிக்க வருகிறது என்றதும், பாட்டும் மெட்டும் அவரே போட்டார். முதல் சரணம் அவருக்கு. இரண்டாவது, மகள் தேஜஸ்வினிக்கு மட்டும். தேஜுவுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. மராத்தி எழுத்தில் எழுதிக் கொடுத்தார். அவள் சீக்கிரமே தாளைத் தூக்கிப் போட்டுவிட்டு மனப்பாடமாகவே பாடினாள். ஆனாலும் ராமநாதனுக்கு நம்பிக்கை வரவில்லை. எங்காவது தடுக்கினால்? 'புனேல வளந்த புள்ள, தமிழ் வரல' என்று கோயமுத்தூர்த் தங்கை சொல்லிவிட்டால்? ஆகவே ஒவ்வொரு ஒத்திகையிலும் மகளின் சரணத்துக்குள் புகுந்தார்.

"அப்பா, இது என் லைன்!"

"சும்மா சப்போர்ட்டுக்குடா கண்ணு."

"நான் விழவே இல்ல, எதுக்குப் பிடிக்கறீங்க?"

"ஏங்க, அவ ஒருத்தியாப் பாடட்டுமே," என்றாள் மனைவி பார்கவி.

"சரி. டி.வி.ல வாயே தொறக்க மாட்டேன். ப்ராமிஸ்."

படப்பிடிப்பு. பின்னால், கரும்புச்சாறு கடையில் இரவல் வாங்கிய கரும்புக்கட்டு. முன்னால் கேமரா. முதல் சரணம் முடிந்து தேஜு மூச்சை இழுத்தாள். ப்ராமிஸ் கொடுத்த அதே வாய் முந்திக்கொண்டது.

தேஜு என்ன செய்தாள்? அழுதாளா? இல்லை. வாயை மூடி, கையைக் கட்டிக்கொண்டு அப்பாவை வேடிக்கை பார்த்தாள். கண்ணை மூடி உருகிக்கொண்டிருந்தவருக்கு அது எங்கே தெரியும்? பச்சைப் பாவாடை கட்டி நான் சுற்ற வேண்டும், சர்க்கரைப் பொங்கலை எனக்கு ஊட்டிவிட வேண்டும் அப்பா என்று, கட்டைக் குரலில், மீசையோடு, சரணம் முழுவதையும் அவரே பாடி முடித்தார்.

"சூப்பர் சார்," என்று டைரக்டர் அடுத்த குடும்பத்தைக் கூப்பிட்டுவிட்டார்.

பொங்கலன்று பாட்டு ஒளிபரப்பான கையோடு தங்கை போன் செய்தாள். "அண்ணா, பாவாடை கிளிப்பச்சைல வேணுமா, பாசிப்பச்சைல வேணுமா? அதிருக்கட்டும், தேஜு ஏன் வாயே தொறக்கல? தமிழ் வரலயா அவளுக்கு?"

பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்த தேஜு அப்பாவிடமிருந்து போனைப் பிடுங்கினாள். "அத்தை, இப்போ கேளுங்க."

ஓரிடத்திலும் தடுக்காமல், தன் சரணத்தைத் தானே பாடினாள். ராமநாதன் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். உள்ளே உதடு அசைந்துகொண்டேதான் இருந்தது.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் ஒன்று. போன வருஷம் பள்ளி ஆண்டு விழாவில் உங்கள் பிள்ளை வசனம் பேசியபோது, உங்கள் பக்கத்து நாற்காலிக்காரர் மேடையைப் பார்க்காமல் ஏன் உங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்?