சாணத் தொட்டிப் பிசாசு

"அடுத்த மாசம் கலெக்டர் வாராரு. அதுக்குள்ள இந்த அடுப்பு எரியலைன்னா என்னயத் தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திருவாங்கக்கா!" என்றார் கிராம சேவகர் சங்கிலி.

ஒத்தக்கடை வட்டாரத்தில் முதல் சாண எரிவாயுத் தொட்டி ஒச்சாயி வீட்டில்தான். புருசன் நல்லகாமன் கையெழுத்துப் போட்டு, தொட்டி கட்டி, குழாயும் இழுத்தாயிற்று. ஒச்சாயிதான் ஒரு கூடை சாணம் கொட்ட மாட்டேன் என்கிறாள். பின்சுவரில் அவள் ஓரகத்தி அன்னக்கொடி பாட்டுக்கு வரட்டி தட்டிக்கொண்டிருந்தாள்.

"அதுல என்ன வாயு வரும்?" என்றாள் ஒச்சாயி.

அடுப்பு எரியும் என்று மட்டும் சொல்லியிருந்தால் பிழைத்திருப்பார். மனுசன் பயிற்சி முகாமில் படித்ததையெல்லாம் அவிழ்த்துவிட்டார்.

"மீத்தேன்க்கா. கிரேக்கத்துல மதுவுக்கு ஒரு சொல்லு, மரத்துக்கு ஒரு சொல்லு. ரெண்டுலயும் இருந்து வந்த பேரு."

"மதுவா? ஆத்தாடி! வீட்டுல ஒருத்தரு குடிச்சிட்டு வாரது பத்தாதுன்னு அடுப்புக்கும் ஊத்தணுமாக்கும்?"

சங்கிலிக்கு வேர்த்தது. கிரேக்கமே வேண்டாம், உள்ளூர்ப் பேரைச் சொல்லுவோம் என்று இறங்கி வந்தார்.

"கம்மாய்ச் சேத்துல திடீர்னு தீ எரியுமே, கொள்ளிவாய்ப் பிசாசுன்னு பேரு வச்சிருக்கோமே. அது பிசாசே இல்லக்கா, இந்த வாயுதேன்."

"கேட்டியாடி அன்னக்கொடி? கொள்ளிவாய்ப் பிசாச அடுப்படிக்குள்ள விடப் போறாராம்!"

சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. தொட்டி கட்ட ஒப்புக்கொண்டிருந்த நாலு வீட்டுப் பெண்களும் பின்வாங்கினார்கள்.

வேறு வழியில்லாமல், பிசாசைக் கட்டிவிட்டதாக ஒரு வார்த்தை சொல்லும்படி பூசாரி பேயாண்டியைக் கூட்டிவந்தார் சங்கிலி. பேயாண்டி தொழிலில் குறை வைக்கிற ஆள் இல்லை. சங்கிலி வாங்கித் தந்த சேவலை அறுத்து, தொட்டியைச் சுற்றி எலுமிச்சம்பழம் வைத்து, "கட்டியாச்சு! இனி ஒரு வருசத்துக்கு ஒருத்தரும் இந்தத் தொட்டியத் தொடக்கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சங்கிலி வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். பாவம், மகளை மேலூர்ப் பள்ளிக்கூடத்தில் சேர்த்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. அழுகை வந்துவிடும் போலிருந்தது.

"ஒரு பேருக்கு இம்புட்டுப் பயமாக்கா? சத்தியமாச் சொல்றேன், பிசாசுன்னு ஒண்ணும் கெடையாது."

அன்னக்கொடி கடைசி வரட்டியைச் சுவரில் அறைந்துவிட்டுத் திரும்பினாள்.

"அது எங்களுக்குத் தெரியாதாண்ணே? ஆம்பளைக கை படாத காசு இந்த வரட்டிக் காசு ஒண்ணுதேன். சாணியத் தரமாட்டோம்னு சொன்னா அடி விழுகும், பிசாசுன்னு சொன்னா எவனும் வாயத் தொறக்க மாட்டான். நல்ல பேராத்தேன் எடுத்துக் குடுத்தீக!"