தொண்ணூற்றொன்பதில் நின்ற சனிக்கிழமை

எனக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான் அதிகாரம் கிடைத்தது. அதுவும் சனிக்கிழமை மட்டும், காலையில் இரண்டு மணி நேரம். அதற்குள் ஒரு மனுசனின் காலை வாங்கிவிட்டேன். (வாரம் பூராவும் கொடுத்திருந்தால் எஸ்டேட்டில் பாதிப் பேர் நொண்டியிருப்பார்கள்.)

நான் இரண்டாம் வகுப்பிலிருந்து ஓடி வந்தவன். நூறு வரைக்கும் எண்ணத் தெரியும். எழுத்தில் என் பெயர் தெரியும், அதுவும் செபாஸ்டின் என்று முழுசாக வராது, 'செபா'வோடு பேனா நின்றுவிடும். (இதைக்கூட நான் சொல்லச் சொல்ல என் மகள்தான் எழுதுகிறாள்.) இந்தத் தகுதிகளோடு ஏற்காடு மலையில் மஞ்சக்குட்டைக்குக் கீழே ஒரு காப்பி எஸ்டேட் ஆபீசில் கூட்டுவது, டீ வாங்குவது, தபால் எடுத்து வருவது என்று காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தேன். தொண்ணூறுகளின் கடைசியில் அந்த ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வந்தது.

வந்ததில் தப்பில்லை. எஸ்டேட் குமாஸ்தாவை நாங்கள் ரைட்டர் என்போம். ரைட்டர் சூசை சார் மூக்குக்கண்ணாடி திரையில் இடிக்க இடிக்க உட்கார்ந்து, ஆட்களின் பேர் பதியக் கற்றுக்கொண்டார். பிறகுதான் கூத்து. ஒவ்வொரு சனிக்கிழமையும் காலை பத்து மணிக்கு அந்தப் பெட்டி யாரையும் கேட்காமல் தானே போன் போடும். கழுத்தை நெரித்த ஆடு மாதிரி கொஞ்ச நேரம் கத்தும். அப்புறம் சென்னைத் தலைமை ஆபீசிலிருந்து எதையாவது இழுத்து வயிற்றுக்குள் போட்டுக்கொள்ளும். எவ்வளவு வந்தது என்று காட்ட, திரையில் ஒரு பச்சைக் கோடு ஓடி, பக்கத்தில் எண் நூறு வரை ஏறும். திங்கட்கிழமை பார்த்தால் நீலமாக இருந்தது பச்சையாகியிருக்கும். மேலே இருந்த பொத்தான் காணாமல் போயிருக்கும்.

"நேத்து வரைக்கும் இங்கதாண்டா இருந்துச்சு செபா!" என்று ரைட்டர் திரையைத் தட்டுவார்.

நான் மேஜைக்கு அடியில் குனிந்து தேடுவேன். (சிரிக்காதீர்கள். கீழே விழுந்திருக்குமோ என்று நினைத்தேன்.)

ஒரு வாரம் பூனை ஒன்று வந்தது. திரையின் மூலையில் உட்கார்ந்துகொண்டு, ரைட்டர் ஒரு பெயர் அடித்தால் ஒரு கொட்டாவி விடும். அதைத் துரத்த வழி தெரியாமல் அவர் அதன் மேல் காகிதத்தை வெட்டி ஒட்டினார். அடுத்த வாரம் பூனை எதிர் மூலைக்குக் குடி போய்விட்டது. பொறுக்க முடியாமல் தலைமை ஆபீசுக்குப் போன் போட்டார்.

"ஏனுங்க, இந்தப் பூனையெல்லாம் நாங்க கேட்டமாங்க?"

"கேக்கத் தேவையில்ல சார். ஆட்டோமேட்டிக். தானா வந்துடும்."

"வேண்டாமுங்க எங்களுக்கு."

"வேண்டாம்னாலும் வந்துடும் சார்."

ஆபீசில் இருந்தது ஒரே ஒரு போன் லைன். கம்ப்யூட்டர் பேசும்போது மனுசன் பேச முடியாது. ஒரு சனிக்கிழமை பங்களாச் சமையல்காரர் கோழிக்குச் சொல்லலாமென்று வந்து, நடுவில் ரிசீவரை எடுத்துவிட்டார். பாதியில் அறுந்த கம்ப்யூட்டர் ஐந்து நாள் கறுப்பாகச் செத்துக் கிடந்தது. நாங்கள் துரை என்கிற எஸ்டேட் மேனேஜர் ரைட்டரைத் திட்டினார். ரைட்டர் என்னைத் திட்டினார். எனக்குக் கீழே ஆள் இல்லாததால் நான் ஆபீஸ் நாயைத் திட்டினேன்.

அதன் பிறகு போனை ஒரு மரப்பெட்டிக்குள் வைத்துப் பூட்டு போட்டார்கள். சனிக்கிழமை சாவி என் கையில்.

"கோடு ஓடி நூறு ஆவற வரைக்கும் பொட்டியத் தொறக்கப்படாது. ஏசுவே எறங்கி வந்து போன் கேட்டாலும் இல்லீங்கன்னு சொல்லோணும். புரிஞ்சுதா கண்ணு?" என்றார் ரைட்டர்.

எனக்கு அப்போது வயது முப்பத்தொன்று. அதுவரை யாரும் என்னை நம்பி ஒரு தீப்பெட்டிகூடக் கொடுத்ததில்லை. சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டு, துரை மாதிரி பின்னால் கை கட்டி நடந்தேன்.

அந்தச் சனிக்கிழமை மிளகு பறிப்பு; சில்வர் ஓக் மரங்களில் படர்ந்த கொடிக்கு ஆட்கள் ஏணி வைத்து ஏறுவார்கள். துரையும் ரைட்டரும் ஜீப்பை எடுத்துக்கொண்டு சேலத்துக்குப் போய்விட்டார்கள். ஆபீசில் நான் ராஜா. பத்து மணிக்கு ஆடு கத்தியது, கோடு ஓட ஆரம்பித்தது. இங்கிலீஷ் தெரியாவிட்டாலும் எண் தெரியுமே. ஒன்று, இரண்டு என்று கூடவே எண்ணிக்கொண்டிருந்தேன்.

தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்குகிற மேஸ்திரி குப்பண்ணன் மூச்சிரைக்க ஓடி வந்தார். கையெல்லாம் ரத்தம்.

"செபா, பொட்டியத் தொற! அந்தோணி சில்வர் ஓக்குலருந்து உழுந்துட்டான். எலும்பு வெளிய வந்துருச்சு. ஏற்காட்டுக்குப் போனப் போட்டு வாடக ஜீப்ப வரச் சொல்லு!"

அந்தோணி என்பது வேறு யாருமில்லை, என் அக்கா ஸ்டெல்லாவின் புருசன். என் சொந்த மாமா. கை இடுப்பிலிருந்த சாவிக்குப் போனது. அங்கேயே நின்றது.

"பேச்சு இருக்குதுங்களா?"

"இருக்குது. தொடையில துண்டு போட்டு இறுக்கிக் கட்டிருக்கறேன். ரத்தம் நின்னுருச்சு."

"ரத்தம் நின்னுருச்சில்லீங்க, அப்பறம் என்னங்க? இங்க எழுபத்திரண்டு ஆயிருச்சு. இன்னும் செத்த நேரந்தான்."

"என்னடா எழுபத்திரண்டு?"

நான் கோட்டைக் காட்டினேன். அது நூறானதும் போன் நம்முடையது, நடுவில் திறந்தால் கம்ப்யூட்டர் செத்துவிடும், துரை நம் இருவரையும் மலையை விட்டு இறக்கிவிடுவார் என்று விளக்கினேன். (இவ்வளவு தெளிவாக நான் அதற்கு முன்னும் பின்னும் பேசியதில்லை.) மேஸ்திரி நியாயமாக என்னை அறைந்திருக்க வேண்டும். ஆனால் அவரும் பத்து வருசமாக ஆபீஸ் வாசலில் செருப்பைக் கழற்றியே பழகியவர். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, திரைக்கு முன்னால் கை கட்டி நின்றார்.

"எழுபத்தஞ்சு" என்றார் கொஞ்ச நேரம் கழித்து.

"வருதுங்க, வருதுங்க" என்றேன்.

போன மேஸ்திரியைக் காணோமே என்று தோட்டத்திலிருந்து இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். அவர்களும் நின்றார்கள். எண்பதைத் தாண்டியபோது ஒருத்தர் "அப்பாடா" என்றார். தொண்ணூறு வந்ததும் இன்னொருத்தர் சிலுவை போட்டுக்கொண்டார். நான்கு ஆம்பிளைகள், ஒரு பச்சைக் கோடு. அங்கே மரத்தடியில் ஒரு மனுசன் மண்ணில் கிடக்கிறான், இங்கே நாங்கள் பந்தயம் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தோம்.

தொண்ணூற்றொன்பது வந்தது. நின்றது.

ஐந்து நிமிசம், பத்து நிமிசம். கோடு அசையவில்லை. நான் திரையை லேசாகத் தட்டிக்கொடுத்தேன். மேஸ்திரி ஊதிப் பார்த்தார்.

அப்போதுதான் அக்கா வந்தாள். புடவை முன்புறம் முழுக்க ரத்தம்.

"சாமி, போன் போட்டாச்சாடா? ஜீப்பு எங்க வருது?"

நான்தான் சொன்னேன்: "அக்கா, தொண்ணூத்தொம்பது ஆயிருச்சுக்கா. இன்னும் ஒண்ணே ஒண்ணு."

அவள் திரையைப் பார்த்தாள். பூட்டிய பெட்டியைப் பார்த்தாள். எங்களை ஒவ்வொருத்தராகப் பார்த்தாள்.

"எதுக்குடா ஒண்ணு?"

எனக்குத் தெரியவில்லை. உண்மையிலேயே தெரியவில்லை. நூறானால் என்ன வரும், எதற்கு வரும், யாருக்கு வரும், ஒன்றும் தெரியாது.

அக்கா இடுப்பிலிருந்த, கிளை கழிக்கிற கவாத்துக் கத்தியை உருவினாள். என்னைத்தான் வெட்டப் போகிறாள் என்று ஒரு அடி பின்னால் போனேன். அவள் என்னைத் தாண்டிப் போய், கம்ப்யூட்டருக்குப் பின்னால் தொங்கிய ஒயர்களில் கைக்கு வந்ததைப் பிடித்து ஒரே இழுப்பில் அறுத்தாள்.

நான் பூட்டைத் திறந்து ரிசீவரைக் காதில் வைத்தேன். சத்தமே இல்லை. கருங்கல்லைக் காதில் வைத்த மாதிரி இருந்தது. அவள் அறுத்தது கம்ப்யூட்டர் ஒயரை அல்ல, சுவரிலிருந்து வருகிற போன் ஒயரை. கம்ப்யூட்டர் பாட்டுக்குத் தொண்ணூற்றொன்பதைக் காட்டிக்கொண்டு நல்லபடியாக இருந்தது.

அப்புறம் மூங்கில் ஏணியில் தார்ப்பாயைக் கட்டி, மாமாவை அதில் கிடத்தி, நாலு பேர் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறினோம். முன்பக்கத்து ஒரு கொம்பு என் தோளில். பாதி வழியில் மாமா கண்ணைத் திறந்தார்.

"மாப்ளே, ஆபீச உட்டுட்டா வந்துட்ட? தொரை வைய்யப் போறாரு, நீ போ."

நான் அழுததை என் பக்கத்தில் தூக்கி வந்தவர் பார்த்தார். வேர்வை என்று சொன்னேன்.

இரண்டு மணி பஸ் பிடித்து, கொண்டை ஊசி வளைவெல்லாம் மாமா பல்லைக் கடித்துக்கொண்டே வந்து, அடிவாரம் இறங்கி, சேலம் ஆஸ்பத்திரி போய்ச் சேரும்போது பொழுது சாயத் தொடங்கிவிட்டது. டாக்டர் தொடைக் கட்டைத் தொட்டுப் பார்த்தார். காலின் நிறத்தைப் பார்த்தார்.

"இந்தக் கட்டு எத்தனை மணிக்குப் போட்டது?"

மேஸ்திரி என்னைப் பார்த்தார். நான் யோசிக்காமல் சொன்னேன்: "எழுபத்திரண்டுலீங்க."

டாக்டர் எனக்கும் தலையில் அடியோ என்று பார்த்தார். பிறகு அக்காவை மட்டும் தனியாகக் கூப்பிட்டு, கொஞ்சம் முன்னால் கொண்டு வந்திருந்தால் காலைக் காப்பாற்றப் பார்த்திருக்கலாம் என்றார். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

பத்து நாள் கழித்துத் தலைமை ஆபீசிலிருந்து கம்ப்யூட்டரைப் பார்க்க ஒரு தம்பி வந்தார். தட்டினார், தடவினார், சிரித்தார்.

"தொண்ணூத்தொம்பதுல நின்னா தொங்கிப்போச்சுன்னு அர்த்தம்ங்க. நீங்க சாயங்காலம் வரைக்கும் உக்காந்திருந்தாலும் அது அங்கயேதான் நின்னிருக்கும்."

ரைட்டர் கேட்டார்: "அதுல என்னதாங்க வந்துட்டிருந்துச்சு?"

"தேயிலை எடை போடற புரோகிராம்."

ரைட்டர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். காப்பி, மிளகு, ஆரஞ்சு. எங்கள் எஸ்டேட்டில் மருந்துக்குக்கூட ஒரு தேயிலைச் செடி கிடையாது.

"இங்க தேயிலையே இல்லீங்களே."

"எல்லா எஸ்டேட்டுக்கும் ஒண்ணாத்தாங்க அனுப்பறோம். வேண்டாம்னா வந்தப்பறம் அழிச்சுக்கலாம்."

நான் அதைக் கேட்டபோது கையில் டீ தம்ளர் இருந்தது. அதை அந்தத் தம்பியின் தலையில் ஊற்றவில்லை என்பதுதான் என் வாழ்க்கையிலேயே நான் காட்டிய பெரிய பொறுமை. ஊற்றுகிற யோக்கியதை எனக்கு இல்லை என்பதும் ஒரு காரணம். சென்னை எதை அனுப்பினாலும், பூட்டியவன் நான்தானே.

மாமா கட்டைக்கால் வைத்துக்கொண்டு எழுந்து வந்ததும் துரை ஒரு ஏற்பாடு செய்தார். மாமாவுக்கு ஆபீசில் உட்கார்ந்து போன் எடுக்கிற வேலை. என்னுடைய ஸ்டூல் அவருக்கு, அவருடைய ஏணி எனக்கு. யாரும் வாய்விட்டுத் தீர்ப்பு என்று சொல்லவில்லை. நான் எட்டு வருசம் மிளகு பறிக்க மரம் ஏறினேன். நான் உச்சியில் கிளையைக் கட்டிப்பிடித்துத் தொங்கும்போது, மாமா கட்டைக்காலை ஊன்றிக்கொண்டு மரத்தடிக்கு வருவார்.

"மாப்ளே! எத்தனை ஆச்சு?"

"நாப்பதுங்க மாமா!" என்று மேலிருந்து கத்துவேன். தோட்டமே சிரிக்கும்.

அது அப்படியே வீட்டுக்கும் வந்துவிட்டது. நான் குளித்தால், கதவுக்கு வெளியே "எத்தனை ஆச்சு?" சாப்பிட உட்கார்ந்தால் "எத்தனை ஆச்சு?" என் கல்யாணத்தில், கோயிலில், பாதர் மோதிரத்தை மாட்டச் சொல்லி, மோதிரம் பாதி விரலில் நின்று, எல்லாரும் மூச்சைப் பிடித்திருந்த நேரத்தில் முன்வரிசையிலிருந்து அதே குரல் வந்தது. பாதரே சிரித்துவிட்டார். இப்போது பிள்ளைகள் கையில் போன். அது தானாக எதையாவது ஏற்றிக்கொண்டு நின்றுவிட்டால், என் மகள் "அப்பா, உன் ஆளு வந்திருக்காரு" என்று என்னிடம் நீட்டுவாள்.

அக்கா மட்டும் இன்றுவரை சிரித்ததில்லை. திட்டியதும் இல்லை. எதுக்குடா ஒண்ணு என்று அன்றைக்குக் கேட்டதுதான் அதைப் பற்றி அவள் என்னிடம் பேசிய கடைசிப் பேச்சு. அதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

அதனால் மாமா கேட்கும்போதெல்லாம் நான் வாய்க்கு வந்த எண்ணைச் சொல்வேன். இருபது, அறுபத்து மூன்று, சில சமயம் தொண்ணூற்றொன்பதுகூட. அக்கா பக்கத்தில் இருந்தால் மட்டும் தொண்ணூற்றெட்டோடு நிறுத்திக்கொள்வேன்.